நோயாளிக்குச் சொல்லத் தெரியாதா, வைத்தியருக்குக் கேட்கத் தெரியாதா?

எமது நாட்டு வைத்தியர்களுடன் பழகியவர்கள் அவர்களிடமிருந்து ஒரு முறைப்பாட்டை நிச்சயமாகக் கேட்டிருப்பார்கள். நோயாளிகளுக்குத் தங்கள் வருத்தத்தை ஒழுங்காகச் சொல்லத் தெரியாது என்பதே அது. எங்கே நோகிறது என்று கேட்டால் மருமகளுடன் ஏற்பட்ட மனஸ்தாபத்தில் இருந்து கதையைத் தொடங்குவார்கள். எத்தனை நாளாக என்று கேட்டால் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முந்தின கிழமை என்பார்கள். என்ன மருந்து குடித்தீர்கள் என்றால் சின்ன வெள்ளைக் குளிசை என்பார்கள். கல்யாண வீடுகளிலும் நண்பர்கள் கூடும் இடங்களிலும் வைத்தியர்கள் இவற்றை நகைச்சுவையாகச் சொல்லக் கேட்டு நாமும் சிரித்திருக்கிறோம்.

முன்பின் அறியாத மனிதர்களைப் பேசவைத்து அவர்கள் சொல்வதில் இருந்து விடயத்தைப் பிரித்தெடுப்பதை மூன்று தசாப்தங்களாகத் தொழிலாகச் செய்துவருபவன் என்ற வகையில் இந்த முறைப்பாட்டை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சம்பவ இடத்துக்குச் சென்று வெறுங்கையுடன் திரும்பும் நிருபர் ஒருவர், கண்ணால் கண்டவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்று செய்தி ஆசிரியரிடம் போய் நின்றால் அவருக்கு என்ன நடக்கும் என்பதைப் பத்திரிகை அலுவலகங்களில் வேலை செய்தவர்கள் அறிவர். சொல்லவைப்பது கேட்பவரின் பொறுப்பு. மேலும், நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முந்தின கிழமை என்பதைவிடத் துல்லியமான திகதி வேறு என்ன இருக்கிறது? பஞ்சாங்கத்தைப் புரட்டினால் நாளையே சொல்லிவிடலாம். 'ஒரு மாதமாக' என்று படித்தவர்கள் சொல்லும் பதிலில் அந்தத் துல்லியம் இல்லை. சின்ன வெள்ளைக் குளிசையின் பெயர் அந்த மூதாட்டிக்குத் தெரியாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. அதை ஒரு காகித உறையில் போட்டு, மேலே ஆங்கிலத்தில் எதையோ கிறுக்கிக் கொடுத்தவர்கள் அவரல்ல.

நோய் வரலாற்றைக் கேட்டறிவது, அதாவது மருத்துவ மாணவர்களின் பாஷையில் ஹிஸ்டரி எடுப்பது, வைத்தியத்தின் முன்னுரை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வைத்தியத்தின் பெரும்பகுதி அதுதான். 1975 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஹம்ப்டனும் சக வைத்தியர்களும் வெளியிட்ட ஆய்வொன்று இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. வெளிநோயாளர் சிகிச்சைக்குப் புதிதாக அனுப்பப்பட்ட 80 நோயாளிகளுள் 66 பேரின் விடயத்தில், அனுப்பிய வைத்தியரின் கடிதத்தை வாசித்து நோயாளியிடம் வரலாற்றைக் கேட்டதுமே வைத்தியர்கள் வந்த முடிவு, இறுதியில் உறுதிசெய்யப்பட்ட நோயுடன் பொருந்தியிருந்தது. உடலைப் பரிசோதித்தது 7 பேருக்கும், ஆய்வுகூடப் பரிசோதனைகள் மேலும் 7 பேருக்கும்தான் பயன்பட்டன.

அது ஸ்கேன் இயந்திரங்கள் பரவுவதற்கு முந்திய காலம், இன்று இயந்திரமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது என்று யாரேனும் வாதிடலாம். அவர்கள் டெங்குவைப் பற்றிச் சற்று யோசிக்கவேண்டும். 2017 இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். காய்ச்சல் என்று போனால் உடனே இரத்தப் பரிசோதனைக்குத் துண்டு எழுதித்தருவது அன்றிலிருந்து எமக்குப் பழகிப்போன காரியம். ஆனால், இரத்தத் தட்டுக்களின் எண்ணிக்கை காய்ச்சலின் எத்தனையாவது நாளுக்குரியது என்பது தெரியாவிட்டால் அந்த அறிக்கையை வைத்து என்ன செய்வது? டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் ஆரம்பிக்கிறது. பிள்ளைக்குச் சுகம் வந்துவிட்டது என்று தாய் நிம்மதிப் பெருமூச்சு விடும் அந்த நேரத்தை முன்கூட்டியே கணிக்கவேண்டுமானால் காய்ச்சல் தொடங்கிய நாளை மாத்திரமல்ல, நேரத்தையும் அறியவேண்டும். அதைச் சொல்லும் இயந்திரம் இன்னமும் கண்டுபிடிக்கப்படவில்லை. 'முந்தநாள் பின்னேரம் குளிச்சிட்டு வரேக்கையே பிள்ளைக்கு நடுக்கம்' என்று தாய்தான் சொல்லவேண்டும். காய்ச்சலுக்கு வீட்டில் என்ன குளிசை கொடுத்தார்கள் என்பதையும் அவரேதான் சொல்லவேண்டும். சில வலி நிவாரணிகள் டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும் என்பதால் அது உயிருடன் சம்பந்தப்பட்ட கேள்வி.

நேரம் இல்லை என்பதே வைத்தியர்கள் தரும் வழமையான பதில். இந்தப் பதிலையும் உரசிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இரு ஆய்வாளர்கள் 1984 இல் வெளியிட்ட ஆய்வில், 74 சந்திப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டபோது நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிகளில் வைத்தியர் குறுக்கிட்டிருப்பது தெரியவந்தது. சொல்லவந்ததை முழுமையாகச் சொல்லிமுடித்தவர்கள் 17 பேர். குறுக்கிடப்பட்ட 51 பேரில் ஒரேயொருவருக்குத்தான் விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்து சொல்லிமுடிக்க வாய்ப்புக் கிடைத்தது. சரி, குறுக்கிடாமல் விட்டால் நோயாளி பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருப்பாரா? சுவிட்சர்லாந்தின் பாசல் நகர வைத்தியசாலையில் 335 நோயாளிகளைத் தடுக்காமல் பேசவிட்டுப் பார்த்தார்கள். 2002 இல் முடிவு வெளியானது. சராசரியாக 92 விநாடிகளில் அவர்களாகவே பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நூற்றுக்கு 78 பேர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசியவர்கள் மொத்தமே 7 பேர்தான்.

சுவிட்சர்லாந்தையும் எமது அரசாங்க ஆஸ்பத்திரியையும் ஒப்பிடுவது நியாயமா என்ற கேள்வி எழுவது இயல்பு. 67 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2017 இல் வெளியான ஆய்வொன்றின்படி, ஒரு குடும்ப வைத்தியச் சந்திப்பு சுவீடனில் இருபத்திரண்டரை நிமிடங்களும் பங்களாதேஷில் 48 விநாடிகளும் நீடிக்கிறது. வெளிநோயாளர் பிரிவில் ஒரு காலைப்பொழுதில் நூறு பேரைப் பார்க்கும் இளம் வைத்தியரை என்னால் குறைசொல்ல முடியாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் பெருந்தொகையான வைத்தியர்கள் நாட்டைவிட்டுச் சென்றதால் எஞ்சியிருப்பவர்களின் சுமை மேலும் அதிகரித்ததையும் நான் அறிவேன்.

ஆனால், அதே வைத்தியரை மாலை நேரத்தில் தனியார் வைத்தியசாலையில் போய்ப் பாருங்கள். அரசாங்க வைத்தியர்கள் கடமை நேரத்துக்குப் பிறகு தனியார் துறையில் தொழில் செய்வதற்கு 1977 இல் அனுமதி வழங்கப்பட்டது. அங்கே நூறு பேர் வரிசையில் நிற்கவில்லை. எத்தனை பேருக்கு இலக்கம் கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பவர்கள் வைத்தியரும் நிர்வாகமுமே. சனல் பண்ணி, பணத்தையும் கட்டி, 37 ஆம் இலக்கத்துடன் இரண்டு மணித்தியாலம் காத்திருந்து உள்ளே போனால், 36 ஆம் இலக்கக்காரர் சேர்ட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு இன்னமும் அங்கேதான் இருப்பார். நீங்கள் பேசத் தொடங்கும்போது 38 ஆம் இலக்கக்காரர் கதவைத் திறந்து வந்து உங்கள் பின்னால் அமர்ந்திருப்பார். மூலவியாதியையோ மாதவிடாய்க் கோளாறையோ மூன்றாவது ஆள் முன்னிலையில் எப்படிச் சொல்வது? சொல்லமாட்டார்கள். தலையிடி என்று சொல்லிவிட்டு வருவார்கள். வைத்தியர் தலையிடிக்கு மருந்து எழுதுவார். இதற்கு நேரமின்மை காரணம் என்று என்னிடம் சொல்லவேண்டாம். இந்த நேரம் விலைக்கு வாங்கப்பட்ட நேரம்.

இதுவரை சொன்னது எல்லா இன நோயாளிகளுக்கும் பொதுவானது. தமிழ் பேசும் நோயாளிக்கு இதற்கு மேலதிகமாக இன்னொரு சுவர் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னர் உறவினர் ஒருவரைப் பார்ப்பதற்காகக் கொழும்பில் உள்ள அரசாங்க வைத்தியசாலை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் வன்னியில் இருந்து வந்த ஒரு தாய். விடுதிக்கு வந்த வைத்தியருக்குச் சிங்களமும் ஆங்கிலமும்தான் தெரியும். அந்த அம்மாவுக்குத் தமிழ் மாத்திரமே தெரியும். வழமைபோல, எதிர்க்கட்டிலில் இருந்த ஒரு பெண்ணை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். 'நாலு எட்டு வைக்கக் களைக்குது' என்றார் அம்மா. அந்தப் பெண் அதை 'மஹன்சி' என்று சிங்களத்தில் சொன்னார். மஹன்சி என்றால் அசதி. எமது பேச்சில் களைக்கிறது என்றால் அசதி மாத்திரமல்ல, மூச்சு வாங்குவதும்தான் என்பதை யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வைத்தியர் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். எனக்குச் சம்பந்தமில்லாத விடயம்தான் என்றாலும் பொறுக்கமுடியாமல், அது மஹன்சி அல்ல, 'ஹதிய' என்று சொன்னேன். அவர் உடனே திரும்பி வந்தார். இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று கேட்கச் சொன்னார். நீட்டி நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதால் ஒரு மாதமாகச் சுவரில் சாய்ந்து இருந்தபடியே நித்திரை கொள்வதாக அந்தத் தாய் சொன்னார். அதன் பிறகு அந்தக் கட்டிலைச் சுற்றி நடந்த காரியங்களின் வேகமே வேறு. தலையணைக் கேள்வி இருதயம் பலவீனமடைந்தவர்களிடம் கேட்கும் கேள்வி என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன்.

அவர் நல்ல வைத்தியர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சரியான சொல் காதில் விழுந்ததும் சரியான கேள்வியைக் கேட்டார். அந்தச் சொல் அவரிடம் போய்ச்சேருவது எதிர்க்கட்டிலில் யார் படுத்திருக்கிறார், பார்வையாளர் நேரத்தில் யார் வந்து நிற்கிறார் என்பதில் தங்கியிருக்கிறதே, அதுதான் எனது கோபம்.

1987 இல் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாக்கப்பட்டது. 2007 ஜூலை முதலாம் திகதிக்குப் பிறகு அரச சேவையில் சேருவோர் ஐந்து வருடங்களுக்குள் மற்றைய அரச கரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று பொது நிர்வாக அமைச்சு சுற்றறிக்கை அனுப்பியது. சட்டத்தில் குறைவில்லை. எமது நாட்டில் சட்டத்தில் என்றுமே குறைவிருந்ததில்லை. பெயர்ப்பலகையைத் தமிழில் எழுதினால் மொழிக்கொள்கை நடைமுறைக்கு வந்துவிட்டதாக அதிகாரிகள் நினைக்கிறார்கள். அந்தப் பலகையிலும் எழுத்துப்பிழை இருக்கும் என்பது வேறு கதை.

பேராதனையில் நான் கலைப்பீட மாணவனாக இருந்த காலத்தில் மருத்துவபீடத்தில் படித்த சிங்கள நண்பர் ஒருவர் ஒரு சிறிய கொப்பியுடன் என்னிடம் வருவார். எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, சத்தி எடுத்ததா, சலம் ஒழுங்காகப் போகிறதா என்ற கேள்விகளைத் தமிழில் சொல்லச் சொல்லிச் சிங்கள எழுத்தில் எழுதிக்கொள்வார். கண்டி வைத்தியசாலைக்கு வரும் தோட்டத் தொழிலாளர்களிடம் கேட்பதற்காக. அவரது அக்கறையை இன்றும் மதிக்கிறேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அலுத்துப்போய் அவர் சொன்னது நினைவிருக்கிறது: 'நான் கேட்பது அவர்களுக்கு விளங்குகிறது, மச்சான். அவர்கள் சொல்வதுதான் எனக்கு விளங்குவதில்லை.' தமிழைக் கொஞ்சம் கற்றுக்கொண்டாலும் சிக்கல் தீராது. மலையகத்துத் தாய் பிள்ளைக்கு வலி என்று சொன்னால் பிள்ளைக்கு எங்கோ நோகிறது என்று பொருள். யாழ்ப்பாணத்துக் கிழவி வலி வருத்தம் என்று சொன்னால் அது காக்கை வலிப்பு. வருத்தம் என்றால் எமக்கு நோய், இந்தியத் தமிழருக்கு மனக்கவலை. முட்டு என்பதும் தொய்வு என்பதும் எந்த மருத்துவ அகராதியில் இருக்கின்றன?

மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படும் முதல் விதி என்ன தெரியுமா? நோயாளியின் முறைப்பாட்டை நோயாளியின் சொந்த வார்த்தைகளிலேயே பதிவு செய்யவேண்டும் என்பது. உலகமெங்கும் பாடப்புத்தகங்கள் இதைத்தான் சொல்கின்றன. எங்கள் வைத்தியசாலைகளில் கட்டில் தலைமாட்டுச் சீட்டில் ஹிஸ்டரி ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. சிங்கள நோயாளியின் சொல் ஒரு தடவை மொழிமாறிச் சீட்டுக்குப் போகிறது. தமிழ் நோயாளியின் சொல், இடையில் ஒரு சிற்றூழியர் அல்லது பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்த பேரப்பிள்ளை வாயிலாகச் சிங்களத்துக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறது. பன்னிரண்டு வயதுப் பேரனை வைத்துக்கொண்டு எந்தப் பாட்டி தன் கர்ப்பப்பை இறங்கியிருப்பதைச் சொல்வாள்? கடைசியில் சீட்டில் இருப்பது யாருடைய சொந்த வார்த்தை?

மொழி ஒன்றாக இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் வைத்தியரும் தமிழ் நோயாளியும் சந்திக்கும் அறைகளிலும் நான் இருந்திருக்கிறேன். காற்சட்டை போட்டு வருபவருக்கு 'நீங்கள்', சாரம் உடுத்து வருபவருக்கு 'நீர்', தோட்டக்காட்டில் இருந்தோ மீள்குடியேற்றக் கிராமத்தில் இருந்தோ வருபவருக்கு 'நீ'. கதிரையில் அமருமுன்னரே அவருக்கு எவ்வளவு பேச அனுமதி என்பது இந்த ஒரு சொல்லில் தீர்மானமாகிவிடுகிறது. 'இவ்வளவு நாளும் எங்க கிடந்தனி?' என்ற அதட்டலுடன் விசாரணை ஆரம்பிக்கும். நாட்டு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கிப் பூசியதையோ கசாயம் குடித்ததையோ சொன்னால் மேலும் ஏச்சு விழும் என்று பயந்து மறைத்துவிடுவார்கள். மறைக்கப்பட்ட கசாயம் சிறுநீரகத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது யாருக்கும் தெரியவராது. பொலிஸ்காரர்கூட வாக்குமூலம் எடுக்கும்போது கடைசியில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும் என்ற நடைமுறை உண்டு. 'நீங்கள் சொன்னதை நான் இப்படி விளங்கிக்கொண்டேன், சரிதானா?' என்று நோயாளியிடம் கேட்கும் வைத்தியர்கள் எத்தனை பேர்?

வன்னியில் 2009 மே மாதத்துக்குப் பிறகு உடம்பு முழுக்க நோ என்று கிளினிக்குகளுக்கு வந்த பெண்களை நினைத்துப் பார்க்கிறேன். பரசிற்றமோலும் விற்றமினும் எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த மாதமும் அதே நோவுடன் வந்தார்கள். இழப்பும் அச்சமும் எமது மக்களிடம் உடம்பு நோவாகவும் நெஞ்சு அந்தரமாகவும் வெளிப்படுவதைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் போர்க்காலத்திலேயே எழுதியும் பேசியும் வந்திருக்கிறார்கள். போரின் உளத்தாக்கம் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1998 இல் வெளியாகிவிட்டது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற ஒரு கேள்வி, ஹிஸ்டரியின் பட்டியலில் குடும்ப விபரம் என்ற தலைப்பில் எப்போதும் இருக்கும் கேள்வி, கேட்கப்பட்டிருந்தால் போதும். பெரும்பாலான கொப்பிகளில் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

இவ்வளவுக்கும் நோயாளியின் மொழியில் வைத்தியம் என்ற எண்ணம் எமக்குப் புதிதல்ல. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தானே தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, 1860களில் மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் கற்பித்தவர். மருத்துவக்கல்வியை இன்று தமிழுக்கோ சிங்களத்துக்கோ மாற்றவேண்டும் என்று நான் கோரவில்லை. அந்த விவாதம் வேறு. எங்கிருந்தோ வந்த ஒரு மனிதருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் சாத்தியமானது, இங்கே பிறந்து, இங்கே இலவசக் கல்வியில் படித்து, இங்கேயே சம்பளம் பெறுபவர்களுக்கு ஏன் கடினமாக இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

செய்யவேண்டியவை பெரிய செலவுபிடிக்கும் காரியங்களும் அல்ல. பெரிய வைத்தியசாலைகள் ஒவ்வொன்றிலும் நோய் சம்பந்தமான சொற்களில் பயிற்சிபெற்ற மொழிபெயர்ப்பாளர்களை, அதிலும் பெண்களை, இரவுக் கடமைக்கும் சேர்த்து நிரந்தரப் பதவிகளில் நியமிக்கலாம். வேலையற்ற பட்டதாரிகளுக்கு வேலை தேடி ஒவ்வொரு அரசாங்கமும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் நாடு இது. கட்டில் தலைமாட்டுச் சீட்டின் முதல் வரியில் நோயாளி சொன்னதை அவரது மொழியிலேயே எழுதிவிட்டு, கீழே ஆங்கிலத்தில் எழுதுங்கள். இறுதிப் பரீட்சையில் மருத்துவ மாணவர் தனக்குத் தாய்மொழியல்லாத மற்றைய மொழியில் ஒரு நோயாளியிடமாவது வரலாறு கேட்டுச் சித்தியடையவேண்டும் என்று விதியுங்கள். தமிழ் மாணவருக்கும் இது பொருந்தட்டும். 2022 இல் டொலர் இல்லாமல் இரத்தப் பரிசோதனைக்குரிய இரசாயனங்கள்கூட வாங்கமுடியாமல் வைத்தியசாலைகள் தவித்தபோதும், ஒரு கேள்வி கேட்டுவிட்டு இரண்டு நிமிடம் பேசாமல் இருப்பதற்கு அந்நியச்செலாவணி தேவைப்படவில்லை.

வைத்தியர் சங்கங்களின் பணிப்பகிஷ்கரிப்புகள் பற்றி எனது பத்திரிகை வாழ்வில் எத்தனையோ செய்திகளை எழுதியிருக்கிறேன். இடமாற்றம், கொடுப்பனவு, வாகன அனுமதிப்பத்திரம், பிள்ளைகளுக்குப் பாடசாலை அனுமதி என்று கோரிக்கைகள் பலவாறாக இருந்தன. அவற்றில் நியாயமானவையும் இருந்தன. ஒரு நோயாளிக்குக் குறைந்தது பத்து நிமிடம் தா, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் விடுதிக்குப் போகமாட்டோம் என்ற கோரிக்கையுடன் ஒரு துண்டுப்பிரசுரம் இன்றுவரை எனது மேசைக்கு வந்ததில்லை. வந்தால், அதை முதற்பக்கத்தில் போடுவதற்காக ஆசிரியபீடத்துடன் சண்டைபிடிக்க நான் தயாராக இருக்கிறேன்.